தொழில் பழகுவோன் கடன்

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவன் தன் நிலைக்கேற்பச் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். முன்னது எண்ணிக் கொடுத்தால் தீர்ந்துபோகும். பின்னதை எண்ணவும் இயலாது; அது தீர்வதும் இல்லை. வட்டிக் கடையில் வாங்கிய நூறு ரூபாயைக் கடன் என்கிறோம். முதுமையுற்ற பெற்றோரைப் பேணுவதையும் கடன் என்கிறோம். இவ்விரண்டையும் யாரும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதில்லை. ஆயினும் இவ்விரு பொருளும் பிரிக்க இயலாதபடி கலந்து கிடக்கும் உறவு ஒன்று உண்டு. தொழில் பழக வந்தவனுக்கும் பழக்கியவர்க்கும் இடையே அமையும் உறவே அது.

உண்ணச் சோறும் உறங்க இடமும் அளித்து, கைத்தொழில் ஒன்றையும் கற்றுக்கொடுத்தவர்க்குக் கற்றவன் பட்ட கடன் எவ்வகையது? எண்ணித் தீர்க்கத்தக்கதா, தீராததா? தீர்க்கத்தக்கதாயின் எத்தனை ஆண்டு உழைத்தால் தீரும்? தீராதது எனின், அதைக் காரணங்காட்டி அவனைத் தம் வாயிலிலேயே நிறுத்திக்கொள்ளும் உரிமை கற்பித்தவர்க்கு உண்டா? இவ்வினாக்கள் மிகப் பழையவை. எனினும் மும்பையில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இவை வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. நம்மில் பலருடைய குடும்ப வரலாறு, ஊரிலிருந்து உறவினர் ஒருவரோடு இரயிலேறி வந்து, கடையிலோ பட்டறையிலோ உணவகத்திலோ ஒரு மூலையில் படுத்தெழுந்து தொழில் பழகிய சிறுவன் ஒருவனிடமிருந்தே தொடங்குகிறது. அச்சிறுவனுக்கும் அவனை அழைத்து வந்தவர்க்கும் இடையே என்ன பேச்சு நடந்தது, எதை யார் யாருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டனர் என்பதைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமற் போனதன் பயனை இன்றும் நாம் நுகர்ந்து வருகிறோம். ஆகவே முன்னோர் இதனை எவ்வாறு வரையறுத்தனர் என்று காண்பது பயனுடையது.

பழைய நெறி

இந்திய நீதி நூல்களுள் தொழில் பழகுவோனைப் பற்றித் தெளிவாகப் பேசுவது நாரத ஸ்மிருதி. கி.பி. முதற் சில நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதாக அறிஞர் கருதும் அந்நூல், பழகுவோனுக்கும் ஆசானுக்கும் உரிய நிபந்தனைகளை முறைப்பட அடுக்கித் தருகிறது. தொழில் கற்க விரும்புவோன் தன் சுற்றத்தாரின் இசைவு பெற்று வரவேண்டும். எத்தனை காலம் தங்குவது என்பதை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆசான் அவனைத் தம் இல்லத்தில் வைத்து, தாமே உணவளித்துக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேறு வேலைகளை அவன்மேல் சுமத்தலாகாது. மகனைப்போல் நடத்த வேண்டும். குறித்த காலத்திற்கு முன்பே அவன் தொழிலைக் கற்றுவிட்டாலும், காலம் முடியும்வரை ஆசானிடமே இருந்து உழைக்க வேண்டும். அவ்வுழைப்பின் பயன் ஆசானையே சாரும். குற்றமற்ற ஆசானை இடையில் விட்டு ஓடுபவனை வலிந்து பிடித்து வந்து ஒறுக்கலாம். காலம் நிறைந்தபின் அவன் ஆசானைப் போற்றி வணங்கித் தன் இல்லம் திரும்பலாம். யாக்ஞவல்க்கிய ஸ்மிருதியும் இதன் சாரத்தை ஒப்புகிறது.

இந்நெறியில் நம் கருத்தைக் கவர்வன இரண்டு. ஒன்று, வேறு வேலை வாங்கலாகாது என்னும் விலக்கு. தண்ணீர் இறைக்கவும் குழந்தையைத் தூக்கவும் கடைத்தெருவுக்கு ஓடவும் அவனைப் பயன்படுத்தும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்திராவிட்டால் இவ்விலக்கு எழுதப்பட்டிராது. மற்றொன்று, முன்பே கற்றவனும் காலம் முடியும்வரை நிற்க வேண்டும் என்னும் விதி. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். கற்றபின் ஏன் நிற்க வேண்டும்?

இவ்விதியிலும் ஒரு நீதி உண்டு. முதலாண்டில் பழகுவோனால் ஆசானுக்கு நட்டமே. அவன் மரத்தைக் கோணலாக அறுப்பான், தோலைக் கிழிப்பான், துணியை வீணாக்குவான், இவற்றுக்கிடையே மூன்று வேளையும் உண்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் ஆசானின் கையும் ஓய்ந்திருக்கும். இந்த நட்டத்தை ஈடுசெய்யும் ஆண்டுகள், அவன் கை தேர்ந்த பின்னர் வருபவை. முன்பாதியில் ஆசான் கொடுக்கிறார், பின்பாதியில் பெறுகிறார். கற்ற மறுநாளே மாணவன் கிளம்பிவிடுவானாயின், பொருள் இல்லாத ஏழைச் சிறுவனை எந்த ஆசான் ஏற்பார்? கையில் பணம் உள்ளவன் பிள்ளைக்கு மட்டுமே தொழில் கிட்டும். அவ்வகையில் நோக்கினால், 'காலம் முடியும்வரை நிற்க' என்னும் விதி ஏழைக்குக் கதவு திறந்த விதியே ஆகும்.

ஆயினும் இதில் ஒரு பெருங்குறை உண்டு. எவ்வளவு விரைவில் கற்பிப்பது என்பது ஆசானின் கையில் இருக்கிறது. முழுதும் கற்பித்துவிட்டால் மாணவன் போட்டியாளன் ஆவான். கற்பிக்காமல் நிறுத்தி வைத்தால் கூலியில்லா ஆள் ஆவான். ஆகவே கற்பிக்காமல் இருப்பதே ஆசானுக்கு ஆதாயம். நெளிவு சுளிவுகளைச் சொல்லாமல் மறைத்து, எடுபிடி வேலையிலேயே ஆண்டுகளை ஓட்டிவிடலாம். மாணவன் ஓடினால் பிடித்து வந்து ஒறுக்க நூலில் இடமுண்டு. ஆசான் கற்பிக்காமல் ஏமாற்றினால் அதை அளந்து காட்டுவது யார்? 'குற்றமற்ற ஆசானை' என்னும் அடைமொழியில் நூலாசிரியர் இதற்கு இடம் வைத்துள்ளார் என்பது உண்மை. ஆனால் அக்குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தோளில் அன்றோ விழுகிறது!

மேலை நாட்டு முறி

இக்குறை நம் நாட்டிற்கே உரியதன்று. இங்கிலாந்தில் 1563இல் இயற்றப்பட்ட சட்டம், ஏழாண்டு பழகாத எவனும் தொழில் செய்தலாகாது என விதித்தது. ஆசானுக்கும் மாணவனுக்கும் இடையே முறி எழுதப்பட்டது. ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வர். ஐயம் எழுந்தால் இரு பாதியையும் பொருத்திப் பார்ப்பர். ஆசானின் தொழில் மறைகளைக் காப்பது, சூதாடாமை, மதுக்கடைக்குச் செல்லாமை, காலம் முடியும்வரை மணம் செய்துகொள்ளாமை ஆகியன மாணவனின் கடன்கள். உணவும் உடையும் உறையுளும் அளித்துத் தொழிலைக் கற்பிப்பது ஆசானின் கடன்.

இம்முறியால் கட்டுண்டவர்களுள் உலகறிந்த ஒருவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1718இல், பன்னிரண்டு வயதில், பாஸ்டன் நகரில் அச்சகம் நடத்திய தம் சொந்த அண்ணனிடமே இருபத்தோரு வயதுவரை பழகுவதாக அவர் பிணைக்கப்பட்டார். தொழிலை விரைவில் கற்றார். அண்ணனின் அடியும் கடுஞ்சொல்லும் பொறாமல் 1723இல் ஓடிப்போனார். தாம் பட்ட கடனை அவர் மீறினார் என்பதா, கடன் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது என்பதா? இன்றளவும் படிப்போர் இருவிதமாகவே விடை கூறுவர்.

1776இல் ஆடம் ஸ்மித் இம்முறையைக் கடுமையாகச் சாடினார். நீண்டகாலப் பிணைப்பு தேவையற்றது. நுண்ணிய கைவினைகளைக்கூடச் சில வாரங்களில் விளக்கிவிடலாம். தொடக்கமுதலே கூலி கொடுத்து, வீணாக்கிய பொருளுக்கு அவனிடமே ஈடு பெற்றால் இளைஞன் இன்னும் ஊக்கத்தோடு கற்பான் என்பது அவர் வாதம். அச்சட்டத்தின் பயிற்சி விதிகள் 1814இல் நீக்கப்பட்டன. ஸ்மித்தின் கணக்கு கூர்மையானது. எனினும் கூலி பெறுமளவு வேலை தெரியாத முதல் மாதங்களில் அவன் எங்கே உண்பான், எங்கே உறங்குவான் என்னும் கேள்விக்கு அதில் விடை இல்லை. தன் ஊரிலேயே பெற்றோர் வீட்டிலிருந்து பணிக்குச் செல்பவனுக்கு அக்கணக்குப் பொருந்தலாம். ஆயிரம் கல் தொலைவு கடந்து மொழி தெரியாத நகரில் வந்திறங்கும் சிறுவனுக்கு முதற்கவலை சோறும் படுக்கையுமே.

பெட்டியடிப் பையன்

அத்தகைய சிறுவனுக்கு நேர்மையாகத் தொழில் பழக்கிய முறையொன்று நம் தமிழ் மண்ணிலேயே இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இலங்கை, பர்மா, மலாயா முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தியதை யாவரும் அறிவர். பர்மாவில் மட்டும் அவர்தம் முதலீடு 75 கோடி ரூபாய் என 1930இல் அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அப்பெருந்தொழிலை நடத்தும் ஆட்களை அவர்கள் எங்கே ஆயத்தப்படுத்தினர்? எந்தக் கல்லூரியிலும் அன்று, கடையிலேயே.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த சிறுவன், முந்திரி, காணி, மா, வீசம் என்னும் கீழ்வாய் இலக்கங்களை நாவின் நுனியில் வைத்துக்கொண்டு கடைக்கு வருவான். அவன் பெயர் பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டியின் அடியில் அமர்ந்திருப்பதால் அப்பெயர். கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கூடத்தில், ஒவ்வொரு விலாசத்தாரும் தத்தம் பெட்டியோடு பாய்விரித்து அமர்ந்து தொழில் செய்வர். பையன் பெருக்குவான், விளக்குத் துடைப்பான், தூது செல்வான். அதோடு குறிப்பு எழுதவும், பேரேட்டில் பெயர்க்கவும், ஐந்தொகை கட்டவும், வட்டியை மனக்கணக்காகப் போடவும் பழகுவான். வந்து கடன் கேட்பவனின் முகத்தைப் படிக்கவும் அவ்விடத்திலேயே கற்பான். பழகியபின் அடுத்தாள் ஆவான். பிறகு ஒருநாள் கடையின் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் ஏஜண்டு ஆவான். பொருள் சேர்ந்தால் தானே முதலாளியும் ஆவான்.

இம்முறையில் நாம் கூர்ந்து நோக்க வேண்டுவன மூன்று. முதலாவது, தவணை. கடல் கடந்து செல்வோர்க்கு மூன்றாண்டு என்பது பொதுவான எல்லை; அது முடிந்ததும் வேறொருவர் வந்து பொறுப்பேற்க, இவர் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். இரண்டாவது, எழுத்து. சம்பளச் சீட்டு என ஒன்று எழுதப்பட்டது. எத்தனை ஆண்டு, என்ன சம்பளம் என்பது அதில் குறிக்கப்படும். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படுமுன்பே முன்பணமாகத் தருவது வழக்கம். போனவன் வெறுங்கையோடு காத்திருக்க, வீட்டார் பட்டினி கிடக்கும் நிலை அதனால் தவிர்க்கப்பட்டது. மூன்றாவது, படிநிலை. பெட்டியடிப் பையன் என்பது ஒரு பருவத்தின் பெயர்; வாழ்நாள் முழுவதற்கும் உரிய பெயர் அன்று. அடுத்த படி எது என்பது அவனுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

இவற்றினும் வியப்புக்குரியது மற்றொன்று. இச்சீட்டு பெரும்பாலும் அயலாரோடு எழுதப்பட்டதன்று. முதலாளியும் பையனும் ஒரே சமூகத்தார். பலமுறை பங்காளிகள், தாய்வழி உறவினர், கொண்டு கொடுத்தவர்கள். 'நம் வீட்டுப் பிள்ளைதானே, சீட்டு எதற்கு?' என்று அவர்கள் கேட்கவில்லை. உறவு கெடாதிருக்க வேண்டும் என்பதற்காகவே கணக்கை எழுதினர் எனலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்னும் பழமொழியின் உட்பொருளை அவர்கள் தொழிலில் பொருத்திக் காட்டினர்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிடுதல் முறையன்று. அக்கடையின் கதவு தம் சமூகத்துப் பிள்ளைகளுக்கே திறந்திருந்தது. பிறர் பிள்ளை எத்துணை அறிவுடையவனாயினும் பெட்டியடியில் அமர இயலாது. நம் நாட்டுத் தொழில்கள் பலவற்றின் கதையும் இதுவே. தச்சும் கொல்லும் சிற்பமும் குலத்துள்ளே கைமாறின. நிலமற்ற உழைப்பாளர் பிள்ளைக்கு எந்தப் பட்டறையும் ஆசான் ஆகவில்லை. மேலும், தம்முள் நேர்மையாகக் கணக்கு எழுதிய அதே பேரேடுகளில் பர்மிய உழவரின் கடனும் ஏறியது. 1930ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் நெல்விலை வீழ்ந்தபோது, கடன் தீர்க்க இயலாத உழவரின் நிலங்கள் பெருமளவில் அவர்கள் கைக்கு வந்தன. அதன் கசப்பு நெடுநாள் நின்றது. தம்மவரிடம் காட்டிய நீதி, பிறரிடம் நீதி காட்டும் பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை. ஆயினும் தவணை, எழுத்து, படிநிலை என்னும் மூன்றும் எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல அளவுகோல்கள். அவற்றைக் கையிற்கொண்டு பிற்கால வரலாற்றை அளப்போம்.

சட்டம் கண்ட வழி

இந்தியாவில் தொழில் பழகுவோர்க்கென இயற்றப்பட்ட முதற்சட்டம் 1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம். ஆதரவற்ற ஏழைக் குழந்தைகள் வளர்ந்தபின் பிழைக்க வழி காண வேண்டும் என்பது அதன் நோக்கம். பத்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஏழாண்டுக்கு மேற்படாமல் ஓர் ஆசானிடம் பிணைக்கலாம். ஆசான் கொடுமை செய்தால் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். தவணை உண்டு, எழுத்தும் உண்டு.

ஆனால் இச்சட்டத்திற்குப் புறத்தே வேறொரு வழக்கம் ஓங்கியிருந்தது. 1931இல் வெளிவந்த அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை, சென்னைப் பீடிப் பட்டறைகளிலும் அமிருதசரசு கம்பளத் தறிகளிலும் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளின் உழைப்பை அடகுவைத்த நிலையை வெளிப்படுத்தியது. ஐந்து வயதுக் குழந்தைகளும் நாள் முழுதும் உழைத்த பட்டறைகளை அது பதிவு செய்தது. கேட்டால், 'தொழில் பழகுகிறான்' என்பதே விடையாக இருந்திருக்கும். பீடி சுற்றுவதைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். முன்பணம் தீர்வதற்கோ பல ஆண்டுகள் ஆகும். இங்கே 'கடன்' என்னும் சொல் தன் முதற்பொருளில் ஒரு குழந்தையின் கழுத்தில் கட்டப்பட்டது. செட்டிநாட்டிலும் முன்பணம் உண்டு என்று முன்னர்க் கண்டோம். அங்கே தவணைக்கு எல்லை இருந்தது. இங்கே பணம் திரும்பும்வரை என்பதே எல்லை. முன்பணம் ஒன்றாயினும் முடிவு தெரியாதபோது அதுவே விலங்காகிறது.

இதன் பயனாக 1933இல் குழந்தைகளின் உழைப்பை அடகுவைத்தல் தடைச் சட்டம் பிறந்தது. பதினைந்து வயது நிரம்பாதோரின் உழைப்பை அடகுவைக்கும் உடன்படிக்கை செல்லாது என்றது அது. அதில் ஒரு விதிவிலக்கும் இருந்தது: குழந்தைக்குக் கேடு இல்லாததாகவும், நியாயமான கூலிக்கு மட்டுமே உரியதாகவும், ஒரு வாரத்திற்கு மேற்படாத முன்னறிவிப்பில் முறித்துக்கொள்ளத்தக்கதாகவும் உள்ள உடன்படிக்கை இச்சட்டத்தால் தடுக்கப்படாது. அவ்வொரு வாரத்தில் ஒரு பேருண்மை அடங்கியிருக்கிறது. ஓடியவனைப் பிடித்து வந்து ஒறுக்கலாம் என்ற பழைய நூலுக்கும், ஒரு வாரத்தில் சொல்லிவிட்டுப் போகலாம் என்ற இச்சட்டத்திற்கும் இடையே மனித அறம் நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறது. போக இயலும் என்னும் நிலையிலேதான் தங்குவதற்குப் பொருள் உண்டு.

1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் பெருந்தொழிற்சாலைகளில் இம்முறையைச் சீர்ப்படுத்தியது. உடன்படிக்கை பதிவாக வேண்டும்; உதவித்தொகை தர வேண்டும்; பதினான்கு வயதுக்குக் குறைந்தோரைச் சேர்த்தலாகாது. செம்பூரை அடுத்த டிராம்பே வட்டாரத் தொழிற்சாலைகள் வளர்ந்த காலந்தொட்டு, இச்சட்டத்தின்கீழ்ப் பயின்று உயர்ந்தோர் நம்மிடையே பலர் உளர். ஆயினும் பயிற்சியாளர் 'தொழிலாளர்' ஆகார் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அந்த ஒரு சொல்லின் நிழலில் ஒதுங்கி, உழைப்பை முழுதாகப் பெற்றுக்கொண்டு, பயிற்சி என்னும் பெயரை மட்டும் தருவோரும் தோன்றினர்.

அதற்கு வருந்தத்தக்க சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. இந்நூற்றாண்டின் முதற் பதினைந்தாண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயர் பரவலாகக் கேட்டது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் பயிற்சியாளர் என்ற பெயரில் மூன்றாண்டு சேர்க்கப்பட்டனர். ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். வெளியே செல்லக் கட்டுப்பாடு. மூன்றாண்டு முடிவில் திருமணத்திற்கு உதவும் என்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் எனத் தொகை பேசப்பட்டது. நோயாலோ வேறு காரணத்தாலோ இடையில் விலகினால் அத்தொகை கைக்கு வராமற்போன நிகழ்ச்சிகள் பலவற்றை ஆய்வறிக்கைகள் எடுத்துரைத்தன. பெட்டியடிப் பையனுக்கும் இப்பெண்ணுக்கும் தவணை ஒன்றே: மூன்றாண்டு. ஆனால் அங்கே பணத்தின் ஒரு பகுதி முன்னே சென்றது. இங்கே முழுதும் பின்னே தொங்கியது. அங்கே அடுத்த படி இருந்தது. இங்கே சில வாரங்களில் கற்கும் வேலையை மூன்றாண்டு செய்தபின் வாயில் மட்டுமே இருந்தது. தவணையும் எழுத்தும் இருந்தும் படிநிலை இல்லையாயின் பயிற்சி என்பது பொய்ப்பெயரே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் இல்லத்தில்

இனி நம் நகரத்திற்கு வருவோம். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தோல் பதனிடும் தொழிலில் கால்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மாதுங்காவில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுவந்த தென்னிந்தியர் குடியேற, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றியது. தோலுக்கும் தையலுக்கும் தோசைக்கல்லுக்கும் பலசரக்குக்கும் ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் ஊருக்குக் கடிதம் போயிற்று. அக்காள் மகனோ, சித்தப்பா மகனோ, அடுத்த தெருப் பிள்ளையோ வந்து சேர்ந்தான். சோறு உண்டு, இடம் உண்டு, தொழிலும் கற்கலாம் என்பதே பேச்சு. எத்தனை ஆண்டு என்பது பேச்சில் இல்லை.

இவ்வாறு வந்தோரின் வாழ்வு இரு வழிப்பட்டது. சில முதலாளிகள் ஏழெட்டு ஆண்டு கழித்து, 'இனி நீ தனியாகக் கடை வை' என்று கூறி, முதற்சரக்கையும் கடனாகத் தந்து, இடம் பார்த்துக் கொடுத்து அனுப்பினர். அவ்வாறு கிளைத்த கடைகள் இன்றும் இந்நகரில் எத்தனையோ! வேறு சில இடங்களிலோ, பத்து வயதில் வந்தவன் நாற்பது வயதிலும் 'பையன்' என்றே அழைக்கப்பட்டான். தலை நரைத்தும் பெயர் மாறவில்லை. சம்பளம் என்று ஒரு தொகை எந்நாளும் பேசப்படவில்லை. 'உன் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கிறது' என்ற சொல் மட்டும் இருந்தது. கேட்க நினைத்தபோதெல்லாம் அவன் வாயை அடைத்தது ஒரு பழமொழி: உப்பிட்டவரை உள்ளளவும் நினை.

இங்கேதான் நம் முதல் வினா முழு உருவம் கொள்கிறது. நன்றியறிதல் தமிழர் உயிரினும் பெரிதாகப் போற்றும் அறம். வள்ளுவர் அதற்கெனவே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் நன்றி என்பது பெற்றவன் உள்ளத்தில் தானே ஊறுவது. கொடுத்தவர் அதைக் கேட்டு வாங்கத் தொடங்கிய கணமே அது வட்டியாகிவிடுகிறது. கற்றவனுக்கு ஆசானிடம் இரு கடன்களும் உள்ளன என்பதே நம் முடிபு. சோற்றுக்கும் இடத்திற்கும் வீணான பொருளுக்கும் உரிய கடன் முதல்வகையது; அது எண்ணத்தக்கது; உழைப்பால் தீர்வது; தீரும் நாள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுவது. ஆளாக்கிய அன்புக்கு உரிய கடன் இரண்டாம் வகையது, அது தீராதது, தீராதது ஆகையாலேயே வசூலிக்கத்தகாதது. இரண்டாவதைக் காட்டி முதலாவதை நீட்டிப்பவர், அறத்தின் பெயரால் களவு செய்கிறார். முதலாவது தீர்ந்ததென்று சொல்லி இரண்டாவதையும் மறப்பவன், கணக்கில் நேர்மையுடையவனாகவும் உள்ளத்தில் வறியவனாகவும் நிற்கிறான்.

'எழுதி வைப்பது உறவைக் கெடுக்காதா?' என்பர் சிலர். எழுதாதபோதே உறவு கெட்டதை நம் குடும்பங்கள் மிகுதியாகக் கண்டுள்ளன. பேசாத சம்பளம் பேசாத மனக்குறையாகி, மணவினைகளிலும் இழவு வீடுகளிலும் முகங்கொடாமையாக வெளிப்பட்டது. 'சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?' என்பர் வேறு சிலர். சட்டம் உறவின் வாயிலில் நின்றுவிடுகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று கூறியபோதும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பிறகு உதவுவதை விலக்கி வைத்தது. குடும்பம் என்பதில் தந்தையின் உடன்பிறந்தாரையும் தாயின் உடன்பிறந்தாரையும் சேர்த்தது. ஆக, சிற்றப்பன் கடையிலும் மாமன் பட்டறையிலும் அக்குழந்தை பள்ளிக்குச் சென்றானா, உறங்கினானா என்று பார்க்கக் காவலர் வரமாட்டார். மாமனின் மனச்சான்றே அங்கே காவல்.

ஆகவே நம்மிடம் ஒரு பிள்ளை தொழில் பழக வரும்போது நாம் செய்யத்தக்கது இது. பள்ளிப் பருவம் முடியாதவனைப் பள்ளிக்கே அனுப்புதல் முதற்கடன். உரிய வயதில் வருபவனுக்கு, எத்தனை ஆண்டு, என்ன தருவோம், எந்த ஆண்டில் எதைக் கற்பிப்போம் என்பதை ஒரு தாளில் எழுதி, அவன் பெற்றோரிடம் ஒரு படி கொடுத்தல் இரண்டாவது. அவன் பெயரில் சேரும் தொகையை வங்கியில் அவன் பெயரிலேயே சேர்த்தல் மூன்றாவது. தொழிலின் கடைசி நுணுக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தல் நான்காவது; இதுவே எல்லாவற்றினும் அரியது. ஊரிலிருந்து அழைத்து வந்து வீட்டு வேலையில் வைத்திருக்கும் பெண்பிள்ளைக்கும் இவை பொருந்தும்; அவளுக்கு நாம் என்ன கற்பித்தோம் என்று கேட்டுக்கொள்வது அதனினும் பொருந்தும். கற்பவனும் தவணை முடியும்வரை மனங்கோணாது உழைத்து, ஆசானின் பொருளைத் தன் பொருள்போல் காத்து, விலகும்போது சொல்லிக்கொண்டு விலகுதல் வேண்டும்.

பழைய நீதி நூல், காலம் நிறைந்தவன் ஆசானை வணங்கித் தன் இல்லம் திரும்பலாம் என்று முடித்தது. அவ்வணக்கத்திற்குப் பொருள் வருவது, திரும்பும் நாள் ஒன்று குறிக்கப்பட்டிருந்ததாலேயே. நம் கடைகளிலும் பட்டறைகளிலும் அந்நாளை முதல் நாளிலேயே குறித்து வைப்போம். அந்நாள் வந்ததும் 'பையன்' என்று அழைப்பதை நிறுத்தி, அவன் பெயரைச் சொல்லி அழைத்து, கணக்கை அவன் முன் விரித்து வைப்போம். அதன்பின் அவன் நம் வாயிலுக்கு வருவானாயின், அது அவன் தானே விரும்பிச் செலுத்தும் கடனாக இருக்கும்.